வலது கட்டைவிரல்

கட்டைவிரலை மற்ற நாலு விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் தணிகாசலம். மடக்கிப் பிடித்தால் உள்ளே போனது வெளியே வந்துவிடுமா என்ன, வராது, அது அவருக்கும் தெரியும், இருந்தாலும் விரலை நிமிர்த்த மனம் வரவில்லை. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. கொசு கடித்தால்கூட இதைவிட அதிகம் தெரியும். வலித்துத் தொலைத்திருந்தால் தேவலை, கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். கீழே மாவு மில். யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருக்கிறார்கள், அந்த நெடி படியேறி வந்து அறையில் இருந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தும்ம வைத்தது. இத்தனை இடம் இருக்க மாவு மில்லுக்கு மேல் போய், போதை ஊசி போடுகிறவர்களுக்கான இந்த மையத்தை வைத்திருக்கிறார்களே என்று நினைத்தார், பிறகு வேறு யார்தான் இதற்கு வாடகைக்குக் கொடுப்பார்கள் என்றும் நினைத்தார், நாம் வீட்டுக்காரனாக இருந்தால் கொடுத்திருப்போமா, மாட்டோம், செருப்பைக் கழற்றியிருப்போம். அறையில் ஒரு கேரம் போர்டு, சத்தமில்லாமல் ஓடும் டிவி, ஒரு இரும்பு பீரோ. பீரோவுக்குள்தான் ஊசி. சாவி ரெஜினா மேடத்திடம். மேடம் கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறார்கள், இப்ப வந்துடுவாங்க, உக்காருங்க என்று மேசையில் இருந்த பெண் சொல்லிவிட்டு ஃபோனில் மூழ்கிவிட்டாள். இப்ப என்றால் எப்ப. சாப்பாட்டு வேளை வரைக்கும் இருக்கேன், அதுக்கு மேல என்னால முடியாது, சோமு கிட்ட போயிடுவேன் என்று சொல்லியிருக்கிறான் மகன் யுவராஜ். அவனோடு சேர்ந்து போடுகிற சோமுவிடம் ஊசி இருக்கிறது. சோமுவுக்கு எய்ட்ஸ் நோயும் இருக்கிறது, போன தீபாவளிக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது, தெரு முழுக்கத் தெரியும். எனவே இந்தப் பீரோ திறக்க வேண்டும், சாப்பாட்டு வேளைக்கு முன்னால் திறக்க வேண்டும், தான் பெற்ற பிள்ளை தன் கையில் குத்திக்கொள்வதற்கு நல்ல ஊசியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஒரு தகப்பனுக்கு எப்பேர்ப்பட்ட வேலை. அவருக்குச் சிரிப்பு வந்தது, அது தும்மலாகப் போய்விட்டது.

மடியில் ஊறுகாய் டப்பா. மூடியைத் திருகி மூடியிருந்தாலும் உள்ளே பொறுக்கிய ஊசிகள் உருளுகிற சத்தம் கேட்டது, அசையாமல் உட்கார்ந்தால் கேட்காது, அசையாமல் உட்கார முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போட்ட உடம்பு. காலி சிலிண்டர் கொடுத்தால்தான் முழு சிலிண்டர். அழுதாலும் அப்படித்தான், சண்டை பிடித்தாலும் அப்படித்தான். மூணாவது மாடி மாமி ஒருத்தி, காலி ஊரில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன், அடுப்பில் பால் பாதி காய்ந்து நிற்கிறது என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள், அவர் கொடுக்கவில்லை, தோளில் ஏற்றிய சிலிண்டரை அப்படியே இறக்கிக்கொண்டு போனார். அந்த ஒழுங்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. ரத்தம் என்று நினைத்ததும் விரல் உள்ளே துடித்தது. இன்றைக்குக் காலையில் யுவராஜ், போய் வாங்கிட்டு வா, நீதானே தூக்கிப் போட்ட என்று சொன்னபோது அவருக்கு முதலில் தோன்றியது காலிக்கு எங்கே போவது என்பதுதான். ஊசி மாற்றித் தருகிற இடம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். பழசைக் கொடுத்துப் புதுசு. பழசும் புதுசுமாக எல்லாவற்றையும் நேற்று அவரே கால்வாயில் எறிந்தாகிவிட்டது. அப்புறம்தான் கூட்ஸ் ரயில் லைன் சுவர் ஞாபகம் வந்தது. சுவருக்குப் பின்னால் பையன்கள் உட்காருகிற இடம். புல்லுக்குள், தண்ணீர் பாக்கெட்டு உறைகளுக்கு நடுவே, கிடந்தன. யார் யாருடையதோ. குனிந்து குனிந்து பொறுக்கினார், முதுகு பிடித்தது, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு கண் ரோட்டில். அந்த ஒரு கண்ணால் வந்த வினை. சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் சதையில் ஒரு புள்ளி, அதிலிருந்து ரத்தம் மெதுவாக எழும்பி நின்றது. என்ன செய்தார் என்றால் வாயில் வைத்துச் சப்பினார். சின்ன வயதிலிருந்து யாருக்குமே குத்தினால் கை வாய்க்குத்தானே போகும், யோசித்தா செய்கிறோம். சப்பி, விழுங்கி, அதற்கப்புறம் துப்பினார். துப்பி என்ன பிரயோஜனம்.

நேற்று எறிந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ரெஜினா முதலில் வீட்டுக்கு வந்த அன்றைக்கு இதே கோபம் அவள் மேல் இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி இருக்கிறாள், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, யுவராஜ் இருக்காராங்கய்யா என்று மரியாதையாகக் கேட்கிறாள், பையிலிருந்து ஒரு காகித உறையை எடுக்கிறாள், உறைக்குள் ஊசி. ஏம்மா, திருடனுக்கு நீயே ஏணி வாங்கிக் கொடுப்பியா என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஊசி இல்லன்னா அவங்க நிறுத்த மாட்டாங்கய்யா, அடுத்தவன் ஊசிய வாங்கிப் போட்டுக்குவாங்க, அவ்ளோதான் என்றாள். அவ்ளோதானாம். அந்த அவ்ளோதான் அன்றிலிருந்து அவர் தலைக்குள் எங்கேயோ கிடக்கிறது. நேற்று பரணில் எதையோ தேடப்போய், பழைய பள்ளிக்கூடப் பைக்குப் பின்னால் அந்த உறைகள் கையில் அகப்பட்டபோது, இது இருப்பதால்தானே போடுகிறான், இது இல்லாவிட்டால் எதால் போடுவான் என்று தோன்றியது. அடுப்பில்லாவிட்டால் சமையல் இல்லை என்பது மாதிரி ஒரு கணக்கு. எறிந்துவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார், சாம்பாரை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்கூட. இன்றைக்கு விடிந்தபோது யுவராஜ் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகிற்று. கொட்டாவி, கொட்டாவி, கொட்டாவி. சுகுணா பையனையும் பார்க்காமல் புருஷனையும் பார்க்காமல் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் இப்படித்தான், ஒரு வருஷமாக எதையும் பார்ப்பதில்லை. எங்க வச்ச என்று கேட்டான். போட்டுட்டேன் என்றார். அவன் கத்துவான், அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தார், தயாராகக்கூட இருந்தார். அவன் சரிப்பா என்று மட்டும் சொன்னான், சோமு கிட்ட இருக்கும் என்று சுவரைப் பிடித்து எழுந்தான். தணிகாசலம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவ்ளோதான் என்றாளே, அது இதுதான்.

"இன்னா பெரியவரே, யாருக்கு? உங்களுக்கா?"

பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஆள் கேட்டான். நாற்பது வயதிருக்கும், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் போலிருக்கிறது, வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை. முழுக்கைச் சட்டை, இந்த வெயிலிலும்.

"பையனுக்கு."

"அவன் வரலியா?"

"முடியல. படுத்துக்கினுகீறான்."

"இதுல இன்னா?" ஆள் டப்பாவைக் கண்ணால் காட்டினான்.

"பழசு. குடுத்தாதானே புதுசு."

அந்த ஆள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். "யார் சொன்னது? பழசு குடுத்தா வாங்கிப்பாங்க, நல்லதுதான். இல்லன்னாலும் குடுப்பாங்க. வெறுங்கையோட வந்தாலும் குடுப்பாங்க. நான் இன்னிக்கு வெறுங்கைதான்." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

வெறுங்கையோடு வந்தாலும் கொடுப்பார்கள். தணிகாசலம் தலையை ஆட்டினார், அப்படியா, சரி, நல்லது என்று. கூட்ஸ் லைனுக்குப் போயிருக்க வேண்டாம். குனிந்திருக்க வேண்டாம். நேரே இங்கே வந்து, அம்மா பையனுக்கு வேணும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், விரல் விரலாக இருந்திருக்கும். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது, சுகுணாவிடம் கேட்டிருக்கலாம், அவளுக்கு எப்படித் தெரியும், யுவராஜிடம் கேட்டிருக்கலாம், அவனிடம் காலி வேணுமா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. எல்லாம் தெரிந்த சிலிண்டர்காரர். அந்த மாமிக்கு அன்றைக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இப்படி ஆகியிருக்காதோ என்று ஒரு எண்ணம் குறுக்கே ஓடியது, சம்பந்தமே இல்லை, அதற்கும் இதற்கும் என்ன இருக்கிறது, ஆனாலும் ஓடியது, திரும்பவும் ஓடியது. பால் பாதி காய்ந்து நிற்கிறது. புள்ளி எவ்வளவு பெரியது, கடுகைவிடச் சின்னது. அந்த ஊசி எத்தனை நாளாய் வெயிலில் கிடந்ததோ, வெயிலில் அந்தக் கிருமி செத்துப்போகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார், யார் சொன்னது, டீக்கடையில் சொன்னது, டீக்கடையில் சொன்னதை நம்பி உயிர் வாழ முடியுமா. அது நேற்றுப் போட்ட ஊசியாக இருந்தால். இன்றைக்குப் போட்டதாகவே இருந்தால். சோமு அந்தச் சுவருக்குப் பின்னால்தானே உட்காருகிறான். சோமுவின் ஊசியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்பி வந்து அதே ஊசியில் தானே போய்க் குத்திக்கொண்டிருந்தால் அதைவிடக் கேவலம் வேறு உண்டா. வாயில் வேறு வைத்தாகிவிட்டது. நாக்கைப் பல்லுக்குள் துழாவினார், எங்காவது புண் இருக்கிறதா, கடைவாய்ப் பல் ஒன்று ஓட்டையாகக் கிடக்கிறது, அதன் வழியாகப் போகுமா. சுகுணாவிடம் எப்படிச் சொல்வது. சொன்னால் நம்புவாளா. இந்த வயதில் இவருக்கு அந்த நோய் என்று தெருவில் தெரிந்தால் ஊசி என்றா நினைப்பார்கள், வேறு என்னவோ அல்லவா நினைப்பார்கள், சிலிண்டர் போடப் போன வீடுகளையெல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள். பயமாக இருந்தது. அப்பட்டமாக, சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறாற்போல, எழுந்து ஓடிவிட வேண்டும் போலப் பயமாக இருந்தது. டிவியில் ஒருத்தி புடவையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மில் நின்றது. யாரோ தும்மினார்கள். சாப்பாட்டு வேளை என்றால் யுவராஜுக்கு எது, அவன்தான் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதே இல்லையே.

ரெஜினா படியேறி வந்தாள். வியர்த்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் தயங்கியது, தெருவில் கத்தினவர் அல்லவா.

"வாங்கய்யா. யுவராஜுக்கு என்ன?"

"ஊசி வேணும்மா. இருந்தத நான் தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பீரோவைத் திறந்தாள். காகித உறைகளை எடுத்து, பஞ்சும் இன்னும் ஏதோ சின்னப் பொட்டலங்களும் சேர்த்து ஒரு பையில் போட்டாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். கையில் தடித்த உறையை மாட்டிக்கொண்டு, நீளமான இடுக்கி ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றாக ஒரு கெட்டி டப்பாவுக்குள் மாற்றினாள். தணிகாசலம் அந்த இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யுவராஜ் போட்டது இல்லியே. எல்லாம் வேற வேறயா இருக்கு."

"வழியில கெடந்துச்சு. பொறுக்கினேன்."

"எதால பொறுக்கினீங்க?"

"குச்சியால."

இடுக்கி நின்றது. அவள் அவர் கையைப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அதை வேட்டி மடிப்புக்குள் தள்ளினார். பேச்சை மாற்றுகிறேன் என்று அதையே பேசினார். "ஏம்மா, இப்ப இந்தக் குப்பை அள்றவங்களுக்கெல்லாம் குத்திடுச்சுன்னா இன்னா பண்ணுவாங்க?"

"சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். மருந்து இருக்கு, சாப்பிட்டா பெரும்பாலும் வராது. ஆனா சீக்கிரம் போகணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. மூணு நாள் தாண்டிட்டா பிரயோஜனம் இல்ல. ஐயா, உங்களுக்குக் குத்திடுச்சா? சொல்லுங்க, ஆட்டோ வச்சு நானே கூட்டிட்டுப் போறேன். இப்பவே."

இப்பவே. அந்த வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை நேரம் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார், அது எதிரே வந்து நின்றது, கையை நீட்டினால் போதும். நீட்டினால் ஆட்டோ வரும், பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுவார்கள், அங்கே உட்கார், இங்கே நில் என்பார்கள், சாயங்காலமாகிவிடும். யுவராஜ் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பானா. இந்தப் பையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று அவளிடம் சொல்லலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றவர் இவர், கொடுக்க வேண்டியவரும் இவர்தான் என்று மனம் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டுவிட்டது.

"சேச்சே. சும்மா கேட்டேன்மா" என்றார். பையை இடது கையால் வாங்கிக்கொண்டார்.

படியில் இறங்கும்போதும், சந்தில் திரும்பும்போதும், மீன் கூடைக்காரியைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகும்போதும், முதலில் இதைக் கொடுத்துவிடுவோம், கொடுத்துவிட்டுப் போவோம், மூணு நாள் இருக்கிறது, மூணு நாள் என்று சொன்னாளே என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எவ்வளவு சீக்கிரமோ என்றும் சொன்னாளே என்று கூடவே ஒன்று கேட்டுக்கொண்டு வந்தது. நடையை எட்டிப் போட்டார்.

யுவராஜ் வீட்டில் இருந்தான். கதவுக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி, போர்வையைப் போர்த்திக்கொண்டு. போகவில்லை. தணிகாசலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், தன் பிள்ளை. பையை நீட்டினார்.

"கைய ஏன் மூடிக்கினுகீற?"

"முள்ளு."

யுவராஜ் பையைத் தரையில் வைத்தான். போர்வை நழுவ எழுந்து வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மெதுவாகத்தான் பிரித்தான். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். அந்த மாதிரிப் புள்ளி அவனுக்குத் தெரியாதா.

"எங்க?"

"கூட்ஸ் லைன் சுவராண்ட."

"அங்க நீ இன்னாத்துக்குப்பா போன?"

"காலி குடுத்தாதான் குடுப்பாங்கன்னு நெனச்சேன்டா."

யுவராஜ் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தடியில் நிறுத்தினான். சோப்பை எடுத்தான். சொம்பில் மொண்டு ஊற்றினான், பாதித் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. அவர் இன்னொரு கையால் விரலை அழுத்தப் போனபோது தட்டிவிட்டான். "அமுக்காத. அமுக்கக் கூடாது. தண்ணிய ஓட விடு, அப்படியே காட்டு." மூக்கு ஒழுகியது, தோளில் துடைத்துக்கொண்டு மறுபடியும் மொண்டான். இவன் இந்தக் கையைப் பிடித்து எத்தனை வருஷம் இருக்கும் என்று தணிகாசலம் நினைத்தார். நோய் வந்தாலும் பரவாயில்லை, இப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் போதும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார், சந்தோஷம் போகவில்லை.

"கெளம்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"நீயா? உன்னால நடக்க முடியுமாடா?"

"உனக்கு எந்த ரூமுன்னு தெரியாது. சோமுவ நான்தான இட்டுக்கினு போனேன். மருந்து கேட்டா அலையவுடுவாங்க, நான் பேசுறேன். நீ செருப்பு கழட்டாத." அவன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தான். பிறகு குனிந்து, தரையில் இருந்த பையையும் எடுத்தான். அவரைப் பார்க்கவில்லை. "ஒரு நிமிஷம்ப்பா. இது இல்லாம என்னால தெரு முனைகூடத் தாண்ட முடியாது. ஒரே ஒரு நிமிஷம்."

உள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

தணிகாசலம் வாசலில் செருப்போடு நின்றார். உள்ளே காகித உறை கிழிகிற சத்தம் கேட்டது. புதுசு. யாரும் தொடாதது. நல்லவேளை என்று மனதார நினைத்தார், தன் பிள்ளைக்கு நல்லவேளை என்று நினைக்க வேறு எதுவுமே இல்லாமல் போய்விட்டதே என்றும் நினைத்தார். எதிர்வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள். ஆட்டோ பிடிக்கலாமா, பஸ்ஸில் போகலாமா, சுகுணாவுக்கு ஃபோன் பண்ணலாமா, வந்து சொல்லிக்கொள்ளலாமா, அந்த ரூம் மத்தியானம் திறந்திருக்குமா, மூடிவிட்டால் நாளைக்கு இவன் இதே மாதிரி கிளம்புவானா. "யுவா" என்றார். "வரேம்பா" என்று பதில் வந்தது, குரல் இளகியிருந்தது, காலையில் இருந்த நடுக்கம் அதில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். மறுபடியும் கூப்பிட்டார். பதில் வரவில்லை.

கதவைத் தள்ளினார். சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, மோவாய் மார்பில் படிய யுவராஜ் உட்கார்ந்திருந்தான். மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் குனிந்து காது வைத்துக் கேட்டுக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது, பசி தீர்ந்த பிள்ளை முகம். சட்டையில் ஒரு கையைத்தான் நுழைத்திருந்தான். "டேய் கண்ணு, மணியாகுதுடா" என்று தோளை அசைத்தார். ம், என்றான், போலாம்ப்பா என்றான், கண் திறக்கவில்லை. தனியாகப் போய்விடலாம், வழி கேட்டுக்கொண்டு போனால் ரூம் தெரியாமலா போகும். ஆனால் இவனை இப்படி உட்கார வைத்துவிட்டு எப்படிப் போவது, மூச்சை யார் பார்ப்பார்கள். தணிகாசலம் மண்டிபோட்டு உட்கார்ந்தார். அவனுடைய இன்னொரு கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தார், காலரை இழுத்துச் சரிசெய்தார், பொத்தான்களைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். எழுந்ததும் நேரம் போகாமல் கிளம்பிவிடலாம்.